பெங்களூரில் விட்டுவந்த கூட்டம்

2011ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களைப் போல இன்னொரு பருவம் எனக்கு வாய்க்கவில்லை. ஒரு மாத இடைவெளிக்குள் பெங்களூரில் இரண்டு மாநாடுகள் நடந்தன. மார்ச் 9 முதல் 13 வரை ஆர்.வி. பொறியியல் கல்லூரியில் கேடிஇ மாநாடு. இந்தியாவில் அதற்கென்றே கூடிய முதல் மாநாடு அதுதான். ஏப்ரல் 2, 3 தேதிகளில் தயானந்த சாகர் கல்லூரி வளாகத்தில் க்னோம் ஏசியா. லினக்ஸ் கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் திரை, பட்டியல், சாளரம், கோப்புறை எல்லாம் சேர்ந்த மேசைத்தளம் பெரும்பாலும் கேடிஇ, க்னோம் இரண்டில் ஒன்றின் கைவேலையாகத்தான் இருக்கும். தினமும் நான் பார்த்துப் பழகிய அந்தத் திரையை எழுதியவர்கள் அந்த நாட்களில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது நான் இருப்பது பிறந்த ஊரான அலங்காநல்லூரில். மதுரையிலிருந்து சிக்கந்தர் சாவடி, குமாரம் தாண்டி வந்தால் எங்கள் ஊர். தை மாதம் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் திறக்கும் அன்று ஊரெல்லாம் இங்கே திரளும். மற்ற நாட்களில் நெல்லும் தென்னையும் கரும்புமாக ஊர் தன் பாட்டுக்கு இருக்கும். அப்பா அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். மாடியில் மேசை, நல்ல இணைய இணைப்பு, ஜன்னலைத் திறந்தால் காற்று. பெங்களூரை விட்டுத் திரும்பி வந்ததில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பெங்களூர்ச் சாலைகளையோ சம்பளத்தையோ நினைத்து நான் ஏங்கவில்லை. நான் ஏங்குவது அந்தக் கூட்டத்துக்காக.

மேடையில் பேசியவர்களைவிட, மண்டபத்துக்கு வெளியே நடந்ததுதான் எனக்கு நினைவில் நிற்கிறது. சுவரோரத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் போதும், அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் மடிக்கணினியில் இன்னொருவர் விரல் வைத்துக் காட்டுவார். சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடியே ஒரு நிரல்பிழையைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். தட்டைக் கழுவி வைப்பதற்குள் அதற்கு ஒரு வழி பிறந்திருக்கும். ஏப்ரல் 2 சனிக்கிழமை, உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வேறு. மும்பையில் இலங்கை 274 ரன் அடித்திருந்தது. பேச்சுக்கு நடுவே ஸ்கோர் கேட்பதும், பதில் வந்ததும் மறுபடி நிரலுக்குத் திரும்புவதுமாக அந்த மாலை போயிற்று. இந்தியா கோப்பையை வென்ற இரவில் ஊரே தெருவுக்கு வந்து கூத்தாடியது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்தவர்கள் அந்த ஆரவாரத்தைக் கண்கொட்டாமல் பார்த்தார்கள். மறுநாள் காலை எல்லோருக்கும் தூக்கக் கலக்கம். ஆனாலும் கூட்டம் குறையவில்லை.

அந்த நாட்களில் என்னைப் போன்றவர்கள் பேசியது பெரும்பாலும் எழுத்துகளைப் பற்றி. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விசைப்பலகையில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. யூனிகோடில் கணினி சேமித்து வைப்பது இந்த இரண்டுக்கும் உரிய எண்களை, இதே வரிசையில். ஆனால் திரையில் வரும்போது அந்த ஒகரக் குறி இரண்டாகப் பிரிய வேண்டும். கொம்பு ககரத்துக்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் நிற்க வேண்டும். இந்தப் பிரித்தலையும் இடமாற்றத்தையும் செய்ய எழுத்துருவுக்கும் திரைக்கும் நடுவே ஒரு நிரல் இருக்கிறது. அது தடுமாறினால் கொம்பு தனியே ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கர்சரை எங்கே நிறுத்துவது, பேக்ஸ்பேஸ் அடித்தால் முழு எழுத்தும் போவதா, குறி மட்டும் போவதா என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். மலையாளத்துக்கும் வங்காளத்துக்கும் சிங்களத்துக்கும் இதே போல இரு புறமும் நிற்கும் குறிகள் உண்டு. தமிழுக்குத் தீர்வு தேடிப் போனவர் திரும்பி வரும்போது அந்த மொழிகளுக்கும் சேர்த்தே ஒரு தீர்வோடு வந்தார்.

இந்தத் திரைகளை எழுதும் வேலை எங்கே தொடங்கியது என்பதை இளையவர்கள் அறிய வேண்டும். எண்பதுகளின் கடைசியில் யூனிக்ஸ் கணினி விற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனித் திரை இருந்தது. 1993இல் ஹெச்பி, ஐபிஎம், சன், நாவெல் முதலியவை ஒன்றுகூடி, எல்லோருக்கும் பொதுவாக ஒரே மேசைத்தளம் என்று முடிவெடுத்தன. அப்படிப் பிறந்ததுதான் சிடிஇ. பொது என்று பெயரே தவிர, அதன் மூல நிரல் 2012 ஆகஸ்ட் வரை பூட்டித்தான் கிடந்தது. லினக்ஸ் வைத்திருந்த மாணவனுக்கு அது எட்டாக் கனி. ஜெர்மனியின் டூபிங்கனில் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிச் 1996 அக்டோபரில் ‘வாருங்கள், நாமே ஒன்று செய்வோம்’ என்று அழைக்க, கேடிஇ தொடங்கியது. அது சார்ந்திருந்த க்யூட்டி நூலகத்தின் உரிமம் அன்று முழுக்கக் கட்டற்றதாக இல்லை. அதனால் 1997 ஆகஸ்டில் மெக்சிகோவின் மிகுவேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். இரண்டு தரப்பும் ஆண்டுதோறும் தங்கள் தங்கள் மாநாட்டில் கூடினார்கள். 2009இல் கிரான் கனேரியா தீவில் இரு தரப்பும் ஒரே இடத்தில் கூடின. 2011 ஆகஸ்டில் பெர்லினில் மறுபடியும். ஆசியாவுக்கான க்னோம் கூட்டம் 2008இல் பெய்ஜிங்கில் தொடங்கி, ஹோ சி மின் நகரம், தைபே வழியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது.

தமிழ் எழுத்து திரையில் சீராக நிற்பதற்கும் இந்தக் கூட்டங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. எழுத்துகளை அடுக்க க்னோமுக்கு பாங்கோ, கேடிஇக்கு க்யூட்டி. இரண்டும், எழுத்துருக்களைக் கையாளும் ஃப்ரீடைப் திட்டத்தின் பழைய நிரலை ஆளுக்கொரு நகலெடுத்துத் தனித்தனியே வளர்த்துவந்தன. ஒரே குறையை இரண்டு இடத்தில் இரண்டு விதமாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். 2006இல் பாஸ்டனில் க்னோம் கூட்டத்தையொட்டியும், அடுத்த ஆண்டு கிளாஸ்கோவில் கேடிஇ மாநாட்டையொட்டியும், எழுத்தடுக்கு வேலை செய்பவர்கள் மட்டும் தனியே உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு நகலையும் ஒன்றாக்கினார்கள். அதுதான் ஹார்ஃப்பஸ். பின்னர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை அடியோடு புதிதாக எழுதினார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரே ஆபீஸிலும் ‘கொ’வைப் பிரித்து நிறுத்துவது அந்த ஹார்ஃப்பஸ்தான். சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அக்கா கைபேசியில் தமிழ்ச் செய்தி படிக்கிறார் என்றால், எங்கோ ஒரு மாநாட்டில் இரு தரப்பார் விட்டுக்கொடுத்ததன் பலனும் அதற்குள் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கண்மாய்க்குக் குடிமராமத்து என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒருவராக மண்வெட்டியோடு வருவார்கள். வரத்துக்காலைத் தூர்வாரி, கரைக்கு மண் போட்டு, மடையைச் சரிபார்த்துவிட்டுப் போவார்கள். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் ஆண்டு முழுக்கத் தண்ணீருக்குச் சண்டை போட்டாலும் அன்று ஒரே கரையில் நிற்பார்கள். பெங்களூர் மண்டபத்தில் நான் கண்டது அதைத்தான். உன் திரை பெரிதா, என் திரை பெரிதா என்ற வாதம் ஒருபுறம் இருக்க, அடியில் ஓடும் பொதுக் கால்வாயைத் தூர்வார எல்லோரும் வந்திருந்தார்கள்.

அந்தக் கால்வாயில் ஓடிய தண்ணீர் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. அதே 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கியது அது. அதன் மேசைத்தளம் க்னோம். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “மாமா, இதுல ரெண்டு இருக்கு. ரெண்டாவதுல என்ன செய்றது?” என்றாள். திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தேன். பட்டியல், பொத்தான், எச்சரிக்கை எல்லாம் தமிழில் வந்தன. தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் தட்டிப் பார்த்தாள். கொம்பும் காலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. அவளுக்கு அது இயல்பாகத் தெரிந்தது. அப்படி இயல்பாகத் தெரிவதற்காகத்தான் அத்தனை பேர் தரையில் உட்கார்ந்து பேசினார்கள்.

அந்தக் கூட்டங்களுக்குப் பிறகு பழகியவை ஒவ்வொன்றாகக் கைநழுவின. க்னோம் ஏசியா முடிந்து மூன்றே நாளில், ஏப்ரல் 6 அன்று, க்னோம் 3 வெளிவந்தது. மேலும் கீழுமாக இரண்டு பட்டைகளோடு நாங்கள் பழகியிருந்த திரை போய்விட்டது. பிரிய மனமில்லாதவர்கள் அதை மாட்டே என்ற பெயரில் இன்றுவரை காப்பாற்றிவருகிறார்கள். என் மாடி மேசையிலும் அதுதான் ஓடுகிறது. 2001இல் லினக்ஸ் பெங்களூர் என்று தொடங்கி, ஃபாஸ் டாட் இன் என்று பெயர் மாறி, தென்னிந்திய இளைஞர்களுக்கு இந்த உலகத்தின் கதவைத் திறந்துவிட்ட ஆண்டு மாநாடு 2012ஓடு நின்றுபோனது. இதற்கிடையே மக்களின் கணினி கைபேசியாகிவிட்டது. கைபேசித் திரையில் குறை தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதை எழுதியவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரப் போவதில்லை.

கூட்டங்கள் அற்றுப் போய்விடவில்லை என்பதும் உண்மை. 2024 டிசம்பரில் க்னோம் ஏசியா மறுபடி பெங்களூருக்கு வந்தது. நடந்த இடம், முன்பு கேடிஇ மாநாடு கூடிய அதே ஆர்.வி. பொறியியல் கல்லூரி. ஊரிலிருந்தபடி திரையில் சில உரைகளைப் பார்த்தேன். பேசுபவர் குரல் தெளிவாகக் கேட்டது. எனக்கு வேண்டியிருந்ததோ, உரை முடிந்ததும் வெளியே வந்து தோளில் கைபோட்டு ‘நீங்கள் சொன்ன அந்த இடத்தை ஒருமுறை காட்டுங்கள்’ என்று கேட்பவர்களின் குரல். அது ஒளிபரப்பில் வருவதில்லை.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான், மதுரையில் பொறியியல் படிக்கிறான். கேடிஇயின் தமிழ் மொழிபெயர்ப்பில் விடுபட்ட வரிகளை இரவில் உட்கார்ந்து நிரப்புகிறான். ஒரு நாள் மாடிக்கு வந்து, “அண்ணே, இந்த வரி எந்த இடத்துல வருதுன்னே தெரியல. யாருகிட்டண்ணே கேக்குறது?” என்றான். இருவரும் சேர்ந்து நிரலைத் தேடிக் கண்டுபிடித்தோம். அச்சிடும் சாளரத்தில் ஒரு மூலையில் வரும் வரி அது. அவன் முகம் மலர்ந்தது. எனக்கு மனசு கனத்தது. இவன் வயதில் நான் ஒரு மண்டபம் நிறைய ஆட்களிடம் கேட்டேன். இவனுக்கு இந்த ஊரில் கேட்க நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

மதுரையில் கல்லூரிகளுக்கும் மண்டபங்களுக்கும் பஞ்சமில்லை. திருநெல்வேலி, விருதுநகர், திண்டுக்கல், தேனி என்று எந்தப் பக்கத்திலிருந்தும் காலையில் பஸ் ஏறினால் வந்து சேர்ந்துவிடலாம். இரண்டு நாள், ஒரு கூடம், தேவையான அளவு மின்இணைப்பு, மதியச் சாப்பாடு. மேசைத்தளம் எழுதுகிறவர்கள் சிலரும், அதைத் தமிழில் பயன்படுத்துகிற பிள்ளைகள் நிறையப் பேரும் அங்கே ஒன்றாக உட்கார வேண்டும். பெங்களூரில் எனக்குக் கிடைத்தது என் தெருத் தம்பிக்கும் கிடைக்க வேண்டும். அதற்காக யார் முன்வந்தாலும் நாற்காலி எடுத்துப் போடுவது முதல் எல்லா வேலைக்கும் நான் தயார்.