சிங்கவரத்துப் பெருமாள்

செஞ்சிக்கு வருகிறவர்கள் ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே சில கிலோமீட்டர் போனால், சிங்கவரம் குன்றில் 24 அடி நீளத்துக்கு ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவரைப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்குத் தீராத வருத்தம்.

திண்டிவனத்தில் திருவண்ணாமலை பஸ் பிடித்து, புரட்டாசி சனிக்கிழமைகளில் ஆயா என்னைக் கூட்டிப்போகும். வெயில் ஏறுவதற்குள் படியேறிவிட வேண்டும். மேலே நின்று திரும்பினால் வயல்வெளிக்கு அப்பால் கோட்டை மலைகள் தெரியும்.

பல்லவர் காலக் குடைவரை அது. பெருமாளையும் ஆதிசேஷனையும் மலையிலிருந்து பிரிக்காமலே செதுக்கியிருக்கிறார்கள். வெளி வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்ததும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பட்டர் தீபத்தை மெல்ல நகர்த்துவார். முதலில் திருமுகம், பிறகு நீண்ட கை, மார்பு, கடைசியில் திருவடி. முழு உருவமும் ஒரே பார்வையில் எனக்கு அகப்பட்டதே இல்லை. அதனாலேயே அவர் இன்னும் பெரியவராகிப்போனார்.

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா 1714இல் ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானோடு போருக்குக் கிளம்புமுன் இங்கே வந்து உத்தரவு கேட்டாராம். பெருமாள் தலையைத் திருப்பிக்கொண்டாராம். “போவாதடான்னு சாமி மூஞ்சத் திருப்பிக்கிச்சு. புள்ள கேக்கல” என்று சொல்லும்போது, பக்கத்து வீட்டுச் சாவைச் சொல்வதுபோல ஆயாவுக்குக் குரல் உடையும். சிலை தேசிங்கைவிட ஆயிரம் வருஷம் மூத்தது என்று பின்னால் படித்தேன். ஆனாலும் அந்தக் கதையை விட எனக்கு மனமில்லை.

திரும்பும்போது திருநாதர்குன்று. ஒரே பெரும்பாறையில் இரண்டு வரிசையாக 24 சமணத் தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயும் கும்பிடும்.

இப்போது திண்டிவனம்–புதுச்சேரி சாலையில், பஞ்சவடியில் 36 அடி உயரப் பஞ்சமுக ஆஞ்சநேயர் நிற்கிறார். 2007இல் குடமுழுக்கு நடந்தது. என் பிள்ளைகளுக்குப் பெரிய சாமி என்றால் அவர்தான். கம்பீரமான சிலை, மறுக்கவில்லை. ஆனாலும் அவர்களைச் சிங்கவரத்துக்கும் கூட்டிப்போகிறேன். போன தடவை மலையிறங்கும்போது பெரியவன் கேட்டான், “சாமியே வேணாம்னும்போது தேசிங்கு ராஜா ஏம்ப்பா போனாரு?” நவாபுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்றதையும், சின்னஞ்சிறு படையோடு பெரும்படைக்கு எதிரே குதிரையை விட்டதையும் பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.