முப்பத்தோராயிரத்து முந்நூற்று முப்பத்தேழாம் போர்ட்

கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. சர்வர் அறையை ஒட்டிய சின்ன அறையில் நெட்வொர்க் பொறுப்பாளர் வேலையாக இருந்தார். கல்லூரிக்குள் எந்தக் கணினி, எந்த பிரிண்டர், எந்த கேமராவில் என்ன போர்ட் திறந்திருக்கிறது என்று அவ்வப்போது ஸ்கேன் செய்து பட்டியல் எடுப்பது அவர் பொறுப்பு. அதற்கு நிர்வாகம் எழுதிக் கொடுத்த அனுமதி மேசை மேல் இருந்த கோப்பிலேயே இருந்தது.

"அடுத்தவங்க நெட்வொர்க்கை அனுமதியில்லாம தொடவே கூடாது சார். பழகிப் பார்க்க ஸ்கேன்மீ டாட் என்மேப் டாட் ஆர்க் இருக்கு. அளவா ஸ்கேன் பண்ணிக்கலாம்னு என்மேப்காரங்களே சொல்லியிருக்காங்க" என்றபடி அதன் மீதே என்மேப்பை ஓட்டினார். 1997இல் கார்டன் லயன் வெளியிட்ட ஸ்கேன் கருவி இது.

திரையில் வரிசையாகப் பதில் வந்தது. 31337ஆம் போர்ட் திறந்திருக்கிறது, சேவையின் பெயர் 'எலீட்'. எனக்குப் பகீரென்றது. பழைய ஊடுருவல் நிரல்களோடு சேர்த்துப் பேசப்படும் எண் அது.

அவர் பதறவில்லை. 'ஓஎக்ஸ்' என்ற விருப்பத்தோடு சேமித்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து, அந்த போர்ட்டின் 'சர்வீஸ்' குறியைக் காட்டினார். 'மெத்தட்' என்ற இடத்தில் 'டேபிள்' என்றும், உறுதியின் அளவைச் சொல்லும் 'கான்ஃப்' என்ற இடத்தில் 3 என்றும் இருந்தது. அதாவது, என்மேப் அந்தச் சேவையிடம் எதையும் கேட்கவில்லை. எண்ணை வைத்துத் தன்னிடமுள்ள பட்டியலில் இருந்த பெயரை எடுத்துப் போட்டிருக்கிறது. 'எஸ்வி' விருப்பத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் 'மெத்தட்' என்பது 'ப்ரோப்டு' ஆனது, பெயர் 'டிசிபிராப்டு' என்று மாறியது. இணைப்பை ஏற்றுக்கொண்டு ஒன்றும் பேசாமலே துண்டித்துவிட்டது என்று பொருள். எலீட் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 22ஆம் போர்ட்டிலோ எஸ்எஸ்எச் தானே பதில் சொன்னதால் 'கான்ஃப்' 10.

திரையில் ஓடும் எழுத்தை வெட்டி ஒட்டிப் பட்டியல் தயாரித்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும். ஊகமும் உறுதியும் ஒரே பத்தியில் ஒரே முகத்தோடு உட்கார்ந்துவிடும். அறிக்கை படிக்கும் அதிகாரிக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

பிறகு, அந்த எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்துப் பட்டியலாக்க அவர் பைத்தானில் எழுதிய பார்சரைப் பார்த்தேன். சின்னதுதான், ஆனால் விழிப்பானது. உள்ளூர் நெட்வொர்க்கில் ஒரே ஹோஸ்ட்டுக்கு ஐபி, மேக் என இரண்டு முகவரிகள் வரும். முதலில் கிடைத்ததை அள்ளாமல் வகையைப் பார்த்து எடுக்கிறது. மூடிய போர்ட்கள் நிறைய இருந்தால் என்மேப் அவற்றைத் தனித்தனியாக எழுதாமல் 'எக்ஸ்ட்ராபோர்ட்ஸ்' என்று ஒரே குறியில் எண்ணிக்கையோடு சுருக்கிவிடும். அதையும் விடாமல் படிக்கிறது. நடுவில் நின்றுபோன ஸ்கேனில் கடைசிக் குறி மூடப்பட்டிருக்காது. அப்படிப்பட்ட கோப்பைப் பார்சர் ஏற்பதில்லை, மறுபடி ஓட்டச் சொல்கிறது. அரைகுறைப் பட்டியலை முழுப்பட்டியல் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து என்பதால், இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தது.

நீங்களும் இப்படியொரு பார்சர் எழுதினால், போர்ட், சேவை, பதிப்பு ஆகியவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். 'மெத்தட்' மதிப்புக்கும் அறிக்கையில் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.