குடத்து விளக்கு

விளக்கு வாங்கச் செல்பவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி இன்றைக்கும் "எத்தனை வாட்?" என்பதாகவே இருக்கிறது. குண்டு பல்புகளின் காலத்தில் அது பொருத்தமான கேள்விதான். 40 என்றால் மங்கல், 60 என்றால் நடுத்தரம், 100 என்றால் கல்யாண வீடு. ஆனால் வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது உமிழும் ஒளியின் அளவன்று. குண்டு பல்பு தான் உண்டதில் பெரும்பகுதியை வெப்பமாகவே கழித்தது. 60 வாட் பல்பு தந்த ஏறத்தாழ 700, 800 லூமென் ஒளியை இன்று 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது. லூமென் என்பதே விளக்கிலிருந்து புறப்படும் ஒளியின் மொத்த அளவு.

புறப்படும் ஒளி வேறு, வந்து சேரும் ஒளி வேறு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை லூமென் விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சிவெயில் 1 லட்சம் லக்ஸைத் தொடும். முழுநிலவின் ஒளி அரை லக்ஸ்கூடத் தேறாது. குடத்திலிட்ட விளக்கு, குன்றின்மேலிட்ட விளக்கு என்னும் உவமையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறேன். வெளியே தெரியாத திறமைக்கும் ஊரறிந்த புகழுக்கும் அதைக் காட்டுவது வழக்கம். அண்மைக்காலமாக அதன் நேர்ப்பொருளே என்னை அதிகம் ஈர்க்கிறது. விளக்கு ஒன்றுதான், அதன் சுடரும் குறையவில்லை. மாறியது இடம் மட்டுமே.

இதை எனக்கு உணர்த்தியவர் என் அம்மா. வயது 76. ராஜம் கிருஷ்ணனின் நாவல்களைத் திரும்பத் திரும்பப் படித்தவர், சென்ற ஆண்டு மெல்லப் புத்தகங்களைத் தொடுவதை நிறுத்திக்கொண்டார். கண் மருத்துவர் சோதித்துவிட்டு, புரை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, அறுவை தேவையில்லை, கண்ணாடியும் சரியாகவே இருக்கிறது என்றார். "இனிமே எனக்கென்னடா படிப்பு" என்று அம்மாவும் அமைந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் முதுமை என்று முடிவுகட்டிய பிறகும் என் மனம் ஒப்பவில்லை.

அம்மாவின் அறையில் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு. உள்ளே நுழைபவர் எவரும் பளிச்சென்று இருக்கிறது என்றே சொல்வர். ஆனால் கண் நம்பத்தகுந்த சாட்சியன்று. ஒளி பத்து மடங்கு கூடினாலும் குறைந்தாலும், பாவையும் விழித்திரையும் தம்மைச் சரிசெய்துகொண்டு அவ்வேறுபாட்டைச் சிறிதாக்கிக் காட்டிவிடும். மேலும் நாம் பார்த்து வியப்பது விளக்கின் பளபளப்பை. படிப்பவருக்கு வேண்டியதோ தாளின்மேல் விழும் ஒளி. கைப்பேசியிலுள்ள ஒளிமானியை, அம்மா கட்டிலில் அமர்ந்து புத்தகம் பிடிக்கும் இடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 30 லக்ஸ். கைப்பேசிக் கணக்கு துல்லியமன்று, ஒப்பிடப் போதும். படிப்பதற்கு 300 முதல் 500 லக்ஸ் என்பது ஒளியமைப்பாளர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. குழல்விளக்கு முதுகுப்புறச் சுவரின் உச்சியில் இருந்தது. அம்மாவின் தலைநிழலே பக்கத்தின்மேல் கவிழ்ந்துகொண்டிருந்தது.

வயது ஏற ஏறப் பாவை சுருங்குகிறது, விழிவில்லை மஞ்சளித்து மங்குகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதுக்காரருக்குக் கிட்டுவதில் மூன்றிலொரு பங்கு அளவே என்பர். நமக்குப் போதும் என்று தோன்றும் ஒளி முதியவருக்கு அந்திநேரம்.

அதிக வாட் விளக்கு வாங்கவில்லை. 5 வாட் மேசைவிளக்கு ஒன்றைக் கட்டிலின் இடப்புறம், புத்தகத்திலிருந்து இரண்டடி தூரத்தில், கண்ணில் நேரே கூசாதபடி தாழ்த்தி வைத்தேன். சிறு விளக்கின் தூரம் பாதியானால் விழும் ஒளி நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடம். ஒளிமானி 400ஐ நெருங்கியது.

அன்றிரவு அம்மா எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், "எழுத்து கிட்ட வந்தமாதிரி இருக்கு" என்றார். இப்போது 'குறிஞ்சித் தேன்' மறுபடியும் பாதி கடந்திருக்கிறது. வயதாகிவிட்டது என்ற ஒரு சொல்லால் எத்தனை வீடுகளில் புத்தகங்கள் மூடப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் அமரும் இடத்தில் ஒருமுறை அமர்ந்து, அவர் பிடிக்கும் பக்கத்தின்மேல் நிழல் விழுகிறதா என்று பாருங்கள்.