ஸ்பீக்கர் வாங்க முதல் ஒரு குரலைப் போட்டுக் கேளுங்கள்



"சேர், வீட்டுக்கும் வெளியில கொண்டு போகவும் நல்ல புளூடூத் ஸ்பீக்கர் எது?" என்று இந்த மாதம் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருடைய அடுத்த கேள்வியும் "எத்தனை வோட்ஸ் எடுக்க?" என்பதுதான். அதனால் பொதுவாகவே எழுதுகிறேன்.

நம்மட வீடுகளில் ஸ்பீக்கரில் போடுவது என்ன? கிராஅத், பயான், பிள்ளைகளின் சூம் வகுப்பு, செய்தி. பெரும்பாலும் மனிதக் குரல். ஆனால் கடையில் போட்டுக் காட்டுவது பேஸ் அதிரும் பாட்டு. ஸ, ஷ போன்ற ஒலிகள் உயர்ந்த அதிர்வெண்ணில் உள்ளவை. பேஸை மட்டும் கூட்டிச் செய்த மலிவான ஸ்பீக்கரில் முதலில் அமுங்கிப் போவது அவைதான். வகுப்பில் ஆங்கில லிஸனிங் போடும்போது, கடைசி வாங்குப் பிள்ளைக்கு 'புக்'கும் 'புக்ஸ்'உம் ஒன்றாகக் கேட்கும். பிள்ளை பிழையாக எழுதும், நாம் சிவப்புப் பேனையால் வெட்டுவோம். ஓதப் பழகும் பிள்ளைக்கு ஸீனும் ஸாதும் ஒன்றாகக் கேட்டால் அது அப்படியே நாக்கில் படிந்துவிடும். வயது போன உம்மா வாப்பாமாருக்கும் முதலில் குறைவது இந்த ஒலிகள்தான். அவர்களுக்குச் சத்தத்தை விடத் தெளிவுதான் தேவை.

ஆகவே கடையில் உங்கள் போனிலிருந்து, பழக்கமான ஒரு காரியின் ஓதலைப் போடுங்கள். பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். முடிந்தால் வாசலுக்கு வெளியே வைத்தும் கேளுங்கள். அறைக்குள் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தரும். திறந்த வெளியில் அது இல்லை, தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் அளவு குறையும். பெட்டியில் உள்ள 'பிஎம்பிஓ 1000 வோட்ஸ்' எல்லாம் வெறும் விளம்பரம். ஆர்எம்எஸ் அளவைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஜேபிஎல்லை எடுப்போம். கோ 3 வெறும் 209 கிராம், 4.2 வோட்ஸ், 5 மணித்தியாலம். ஓர் அறைக்குப் போதும். பிளிப் 6 என்றால் 30 வோட்ஸ், 12 மணித்தியாலம். ட்வீட்டர் தனியாக இருப்பதால் குரல் தெளிவு. சார்ஜ் 5, 20 மணித்தியாலம், போனுக்கும் சார்ஜ் ஏற்றலாம். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களை மறந்திருக்க மாட்டோம். இவை கம்பனி சொல்லும் நேரங்கள், சத்தத்தைக் கூட்டினால் குறையும். மூன்றிலும் ஓக்ஸ் வயர் குத்த இடமில்லை. புளூடூத் இல்லாத பழைய கணினிக்கு இவை உதவாது.

மூன்றிலும் ஐபி67 இருக்கிறது. தூசு உள்ளே போகாது, 1 மீற்றர் நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது அதன் பொருள். உப்புத் தண்ணீருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கடற்கரைக்குக் கொண்டு போனால் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜில் போடுங்கள்.

வீட்டுக்கும் வெளிக்கும் ஒன்றுதான் வாங்குவதென்றால் நடுத்தர அளவே என் தெரிவு. வீட்டுக்கு மட்டுமென்றால் சின்னதே போதும், மிச்சக் காசுக்குப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கலாம்.

தெளிவான ஸ்பீக்கரில் இன்னொரு நன்மையும் உண்டு. மெதுவாக வைத்தாலே விளங்கும். பக்கத்து வீட்டில் நோயாளி இருக்கலாம், சோதனைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். அயலவரின் ஹக் நம் வொலியூம் பட்டனிலும் இருக்கிறது.

வேறு வகை பாவிப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும், இன்ஷா அல்லாஹ்.