வெட்கம் விழுங்கிய அமானிதம்



பிறருக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லிப் பாடம் புகட்டுவது எளிது. தனக்கு நேர்ந்ததை, அதிலும் தன் கவனக்குறைவால் நேர்ந்ததை எழுத முற்படும்போது பேனா தயங்குகிறது. ஆயினும், அந்தத் தயக்கம்தான் என்னை மேலும் இழக்கச் செய்தது. ஆகவே அதனை ஒதுக்கி வைத்துவிட்டு இதனை எழுதுகிறேன்.

நான் கலைப் பட்டம் பெற்றவன்; மதரஸா ஆசிரியன். எழுத்துக் கூட்டி நிதானமாக வாசிக்கச் சிறார்களுக்குக் கற்றுக் கொடுப்பதே என் பணி. எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மையார் வசிக்கிறார்கள். தெருவார் அனைவருக்கும் அவர்கள் ராத்தா. தையல் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த 40,000 ரூபாயை, மகளின் நிக்காஹ் செலவுக்கென என்னிடம் அமானிதமாக ஒப்படைத்திருந்தார்கள். "என் கையில் இருந்தால் கரைந்துவிடும் ஹஜ்ரத், உங்களிடமே இருக்கட்டும்" என்றார்கள். வீட்டுப் பெட்டியை விட வங்கி பாதுகாப்பானது என்றெண்ணி, என் சம்பளம் வரும் கணக்கிலேயே அதனைச் செலுத்தி வைத்தேன்.

2024 ஆம் ஆண்டில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகள் வந்து அமர்ந்து கொண்டிருந்த நேரம். கைப்பேசி ஒலித்தது. பேசியவர் நல்ல தமிழில், மிகுந்த மரியாதையுடன் பேசினார். வங்கியிலிருந்து அழைப்பதாகவும், என் கே.ஒய்.சி. விவரங்கள் காலாவதியாகிவிட்டதாகவும், அன்று மாலைக்குள் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்றும் கூறினார். முடக்கப்படும் என்ற சொல்லைக் கேட்டதும் என் நினைவு ராத்தாவின் பணத்தின் மீது பாய்ந்தது. அமானிதத்தைக் காக்க வேண்டும் என்ற பதற்றத்திலேயே அதனைப் பறிகொடுக்கலானேன்.

அவர் அனுப்பிய இணைப்பைத் தொட்டேன். வங்கியின் சின்னமும் வண்ணமும் அப்படியே இருந்த ஒரு பக்கம் திறந்தது. அதில் என் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டேன். பின்னர் குறுஞ்செய்தியாக ஓர் எண் வந்தது. அதைப் படித்துச் சொல்லும்படி கேட்டார், சொன்னேன். மீண்டும் ஒன்று வந்தது, சொன்னேன். மூன்றாவதும் வந்தது, அதையும் சொன்னேன். முதல் எண், அவர்களுடைய கணக்கை என் கணக்கில் பெறுநராகச் சேர்ப்பதற்கு. மற்ற இரண்டும் பணத்தை அனுப்புவதற்கு. 30,000 ஒரு முறை, 27,000 மறுமுறை. ஆக 57,000 ரூபாய் சில நிமிடங்களில் போய்விட்டது. அந்தக் குறுஞ்செய்திகள் ஒவ்வொன்றிலும், இவ்வெண்ணை எவரிடமும் பகிராதீர்கள் என்ற வாசகம் இருந்தது. நிதானமாக வாசிக்கக் கற்றுக் கொடுக்கும் நான் ஆறு இலக்கங்களை வாசித்தேன். அருகிலிருந்த அந்த ஒரு வரியை வாசிக்கவில்லை!

நிற்க. என் உண்மையான தவறு இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பணம் போனதை அப்போதே உணர்ந்தேன். ஆனால் எவரிடமும் சொல்லவில்லை. "ஹஜ்ரத்தே ஏமாந்து விட்டாராம்" என்று ஊர் பேசுமே! பிள்ளைகளின் பெற்றோர் முகத்தில் எப்படி விழிப்பது? ராத்தாவுக்கு என்ன பதில் சொல்வது? மஃரிபும் இஷாவும் முடிந்தன. இரவு முழுவதும் விழித்துக் கிடந்தேன். காலையில் பசியாறாமல் எழுந்தபோது, கல்லூரியில் படிக்கும் என் மகள், "வாப்பா, நேற்றிலிருந்து உங்கள் முகமே சரியில்லையே, என்ன நடந்தது?" என்று கேட்டாள். அதன் பிறகே சொன்னேன். அவள் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. உடனே 1930 என்ற எண்ணை அழைத்தாள். அடுத்து வங்கியின் எண்ணை அழைத்துக் கணக்கை நிறுத்தி வைக்கச் செய்தாள்.

அதற்குள் பதினான்கு மணி நேரம் கடந்திருந்தது. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கும், அங்கிருந்து வேறு சிலவற்றுக்கும் மாறிப் பெரும்பகுதி ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது. எடுக்கப்படாமல் எஞ்சியிருந்த 12,000 ரூபாய் மட்டும் முடக்கப்பட்டு, பல மாதங்களுக்குப் பின் நீதிமன்ற ஆணையின் வழியே என்னிடம் வந்து சேர்ந்தது. "நேற்று மாலையே கூப்பிட்டிருக்கலாமே, ஐயா" என்று காவல் நிலையத்தில் ஒரு அதிகாரி சொன்ன சொல் இன்றும் என் செவியில் நிற்கிறது.

முதலில் பணம் சென்ற கணக்கு யாருடையது தெரியுமா? வேறு மாநிலத்தில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவனுடையது. சிறு தரகுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் எவரிடமோ ஒப்படைத்திருக்கிறான். பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கணக்கை வாடகைக்குக் கொடுப்பது விளையாட்டன்று. திருட்டுப் பணம் கடந்து செல்ல வழி விட்டவன்மீதும் வழக்கு வரும். அந்தச் சம்பாத்தியம் ஹலாலும் ஆகாது.

அன்று நண்பகல் ராத்தாவின் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொன்னேன், என் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் தந்து கடனைத் தீர்ப்பேன் என்றும் சொன்னேன். அவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தலை குனிந்தவாறு, "எனக்கும் போன மாதம் இப்படித்தான் ஒருவன் பேசினான், ஹஜ்ரத். விதவை உதவித்தொகை நின்றுவிடும் என்று சொல்லி ஏ.டி.எம். நம்பரைக் கேட்டான். அந்த மாதத்து 1,200 ரூபாயும் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை" என்றார்கள்.

வாசகர்களே, சிந்தித்துப் பாருங்கள்! அவர்கள் வாய் திறந்திருந்தால் நான் எச்சரிக்கை அடைந்திருப்பேன். நான் அன்று மாலையே வாய் திறந்திருந்தால் பெரும்பகுதி பணம் தப்பியிருக்கக் கூடும். திருடனுக்குத் துணை நின்றவை எங்கள் அறியாமை பாதி, எங்கள் மௌனம் பாதி. ஏமாந்தவர் வெட்கப்பட வேண்டியதில்லை. ஏமாற்றியவனே வெட்கப்பட வேண்டியவன்.

நம் வீடுகளுக்கே உரிய ஓர் அபாயத்தையும் இங்குச் சொல்ல வேண்டும். நம் குடும்பங்களில் பலருடைய கணவரும் மகனும் வளைகுடா நாடுகளில் சபர் போயிருக்கிறார்கள். கணக்கு ஒருவர் பெயரில் இருக்கும், ஓ.டி.பி. வரும் கைப்பேசி வேறொருவரிடம் இருக்கும். "எண் வந்ததா? சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் கேட்பதும் சொல்வதும் அன்றாட வழக்கமாகிவிட்டன. உம்மாவின் எண்ணைப் பேரன் சொல்வான். மருமகளின் எண்ணை மாமி சொல்வார்கள். இவ்வாறு சொல்லிச் சொல்லிப் பழகிய நாவு, அந்நியன் கேட்கும்போதும் தன்னையறியாமல் சொல்லிவிடுகிறது. அந்த ஆறு இலக்கம் வெறும் எண்ணன்று. அது உங்கள் கையொப்பம். வெற்றுக் காசோலையில் கையொப்பமிட்டு வீதியில் போவோரிடம் கொடுப்போமா? ஆகவே, அவரவர் கணக்கில் அவரவர் எண்ணையே பதிவு செய்யுங்கள். இருவரும் எடுத்தாள வேண்டுமெனில் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள்.

இனி, பட்டபின் நான் கற்றவற்றைச் சொல்கிறேன்.

வங்கி ஊழியர் எவரும் கடவுச்சொல்லையோ, ஓ.டி.பி.யையோ, பின் எண்ணையோ கேட்க மாட்டார். கேட்பவர் எவராயினும் அவர் வங்கி ஊழியர் அல்லர். யூ.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்கே பின் எண் தேவை; பெறுவதற்குத் தேவையில்லை. "உங்களுக்குப் பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், அவன் பணத்தை எடுக்க வந்தவன் என்று அறிந்து கொள்ளுங்கள்.

வங்கியின் இணைய முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வந்த இணைப்பைத் தொடாதீர்கள். இந்திய வங்கிகளின் முகவரிகள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 ஆம் ஆண்டு ஏற்பாடு செய்தது. அந்த முடிவு இல்லாத பக்கத்தில் கடவுச்சொல்லை இடாதீர்கள். வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடலில் போலி எண்களும் கலந்து கிடக்கின்றன. அட்டையின் பின்புறத்திலோ பாஸ்புத்தகத்திலோ உள்ள எண்ணே நம்பத்தக்கது.

நிக்காஹ் அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறக்காதீர்கள். அதனை நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகள் அனைத்தையும் அவன் படிப்பான், நீங்கள் ஓ.டி.பி.யைச் சொல்லவே வேண்டியதில்லை. கைப்பேசித் திரையைப் பிறருக்குக் காட்டும் செயலிகளும் அத்தகையவையே.

காவல் அதிகாரி வேடத்தில் வீடியோ அழைப்பில் தோன்றி, உங்களைக் கைது செய்திருப்பதாகவும் அறையை விட்டு வெளியேறக் கூடாதென்றும் மிரட்டுவோர் உண்டு. 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள். எவரிடமும் சொல்லாதே என்று எவன் சொல்கிறானோ, அவன் சொல்லும் வேறெதையும் நம்பாதீர்கள்.

சேமிப்பும் அமானிதமும் இணைய வசதி இல்லாத தனிக் கணக்கில் இருக்கட்டும். அன்றாடச் செலவுக்கு வேறொரு கணக்கில் சிறு தொகை போதும். இணைய வழிச் செலவை நிறுத்தி வைக்கவும், அட்டைக்கு வரம்பு விதிக்கவும் வங்கிகளே வசதி செய்துள்ளன. அவ்வாறு செய்யாமல் ராத்தாவின் பணத்தையும் என் பணத்தையும் ஒன்றாகக் கலந்தது என் பிழையே.

இத்தனைக்குப் பிறகும் ஏமாந்துவிட்டால்? அதே நிமிடத்தில் 1930 ஐ அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் இந்த ஏற்பாடு 2021 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. காவல்துறையும் வங்கிகளும் இதில் இணைந்திருப்பதால், பணம் கைமாறிக் கொண்டிருக்கும்போதே வழியில் நிறுத்த முடிகிறது. உடன் வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதன் அவசியத்தை விளக்கியது. அதன்படி, வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாத நிலையில் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்றிருந்தது. நாமே இரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், நாம் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது என்றும், தெரிவித்த பின் நேர்வது வங்கியினுடையது என்றும் அது கூறியது. நாம் மௌனம் காக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் கணக்கிலேயே எழுதப்படுகிறது!

ராத்தாவின் கடனை மாதந்தோறும் தீர்த்து வருகிறேன். இன்ஷா அல்லாஹ், நிக்காஹ் நாளுக்குள் முழுவதும் கொடுத்துவிடுவேன். இப்போது வாரம் ஒரு நாள், பாடம் முடிந்ததும் என் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்கிறேன். முதல் நாள் என் குரல் நடுங்கியது. கதை முடிந்ததும் ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், எங்கள் நன்னிக்கும் அப்படி ஒரு போன் வந்தது, வீட்டில் யாரும் வெளியே சொல்லவில்லை" என்றான்.

உங்கள் வீட்டிலும் அப்படிச் சொல்லப்படாமல் கிடக்கும் செய்தி ஏதேனும் இருக்கக் கூடும். இன்றிரவு உணவுக்கு அமரும்போது கேளுங்கள். கடிந்து கொள்ளாமல் கேளுங்கள்.

வஸ்ஸலாம்.