குளிர் காய ஒரு கரை

"தண்ணிக்குள்ள கைய வுடுடா" என்றார் நைனா.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அரையாண்டுத் தேர்வு விடுமுறை, மார்கழி. திருவொற்றியூர்க் குப்பத்திலிருந்து முதல்முறையாக மரத்தில் போயிருந்தேன். மரம் என்றால் கட்டுமரம். எங்கள் பக்கம் 'கட்டு' என்பதைச் சேர்த்து யாரும் சொல்வதில்லை. இரவு இரண்டு மணிக்குத் தள்ளினோம். அலையைத் தாண்டும்போதே தலை முதல் கால் வரை நனைந்துவிட்டது. மரத்துக்குப் பக்கச்சுவர் கிடையாது. தண்ணீர் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும், கட்டைகளின் இடுக்கு வழியாகவும் வரும். அதன்மேல் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஈரமில்லாத இடம் என்று ஒன்று கிடையாது. வாடை அடித்துக்கொண்டிருந்தது. பின்னிரவில் அதோடு கரைக்காற்றும் சேர்ந்தது. எனக்குப் பல் கிட்டிவிட்டது. கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் விரல் மடங்கவில்லை. இந்த நிலையில் தண்ணீருக்குள் கையை விடச் சொல்கிறாரே, இனிமேல் மரத்துக்கு வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதற்காக நம்மைத் தண்டிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. ஆயா தலைக்கு ஊற்ற விளாவி வைக்கிற தண்ணீர் மாதிரி. முழங்கை வரைக்கும் இரண்டு கையையும் இறக்கிவிட்டு அப்படியே குப்புறக் கிடந்தேன்.

"கடலு குளுராதுடா. காத்துதான் குளுரும், ஈரம்தான் குளுரும்" என்றார் நைனா.

அவர் சொன்னதற்குள் இருந்த கணக்கைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்கழி, தை மாதங்களில் சென்னைக் கடலின் மேல்நீர் 26 டிகிரியை ஒட்டி இருக்கும். விடியற்காலைக் காற்று 20 டிகிரிக்கு வந்துவிடும். தரை சட்டென்று சுட்டு, சட்டென்று ஆறுகிறது. கடல் மெதுவாகச் சுட்டு, மெதுவாகத்தான் ஆறுகிறது. அதனால் மார்கழி விடியலில் வங்கக் கடல்தான் சுற்றுவட்டாரத்திலேயே கதகதப்பான இடம். அந்தக் கதகதப்பை நம்பி உள்ளே இறங்கிக் கிடக்க முடியாது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. உடம்பின் சூடு 37 டிகிரி. தண்ணீர், காற்றைப் போல ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். கைக்கு ஐந்து நிமிடம் சுகம். உடம்புக்கு ஓர் இரவு என்றால் ஆபத்து. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டியபோது, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மீனவர்கள் மணிக்கணக்கில், சிலர் நாள்கணக்கில் மிதந்தார்கள். நீச்சல் தெரியாதவர்களா அவர்கள்? உடம்பில் சூடு தீர்ந்தால் பிடித்த பிடி தானாக நழுவும்.

சென்னையில் ஏது குளிர் என்று இந்த ஊரே கேட்கிறது. நுங்கம்பாக்கத்தில் பதிவான மிகக் குறைந்த அளவு 13.9 டிகிரி, அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது சரியான கேள்விதான். ஆனால் தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிவைத்த நாமே, தரையும் மச்சும் இல்லாத இடத்தில் இருப்பவனை விட்டுவிட்டோம். ஐஸ்லாந்து மீனவர்களிடம் பழைய நாளில் ஒரு கம்பளிக் கையுறை இருந்தது. அதற்கு இரண்டு கட்டைவிரல். துடுப்பும் கயிறும் உரசி உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துவிட்டால், திருப்பி மாட்டிக்கொண்டு அடுத்த கட்டைவிரலில் வேலையைத் தொடரலாம். வீட்டுப் பெண்கள் பின்னிக் கொடுத்தது. அங்கே குளிருக்குக் குளிர் என்று பெயர் இருந்தது, அதனால் அதற்கொரு கையுறையும் வந்தது. எங்கள் கடலில் அது வெறும் 'ஈரம்'. ஈரத்துக்கு யார் கையுறை பின்னுவார்கள்?

அந்த ஈரம் செய்கிற வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரிச் சூடு வேண்டும். நனைந்த பனியனும் லுங்கியும் 300 கிராம் தண்ணீரைப் பிடித்திருந்தால், அது காற்றில் உலர்ந்து முடிவதற்குள் 174 கிலோ கலோரி போயிருக்கும். அதில் பெரும்பங்கை மேலே ஒட்டியிருக்கிற உடம்புதான் கொடுக்கிறது. கிட்டத்தட்ட ஒரு கிண்ணம் சோற்றின் வலு. உலர்வதற்குள் அடுத்த அலை வந்து திரும்ப நனைக்கும். ஆக, மார்கழியில் கடலுக்குப் போகிறவன் தின்ற சோற்றைக் காற்றுக்குக் கொட்டிக்கொண்டே வேலை செய்கிறான். பழைய ஆட்கள் கோவணத்தோடு மரத்தில் போனதை இல்லாமை என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. இல்லாமையும் இருந்தது. ஆனால் நனைவதற்குத் துணி குறைவாக இருந்தால் உடம்பு சீக்கிரம் உலரும் என்கிற அறிவும் அதில் இருந்தது. நைனா என் பனியனைக் கழற்றச் சொல்லி, முறுக்கிப் பிழிந்து, காற்று வருகிற பக்கம் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். அவர் முதுகுக்குப் பின்னால் குளிர் பாதியாகிவிட்டது. தலைப்பாகைக்குள் பாலித்தீன் தாளில் சுற்றி வைத்திருந்த பீடியும் தீப்பெட்டியும் மட்டும்தான் அந்த மரத்தில் ஈரம் படாத பொருள்கள்.

"துடுப்பு போடு, குளுரு ஓடிடும்" என்றார் அப்புறம். போட்டேன். ஓடித்தான் போனது.

இது என் மனதில் வெகுநாள் கிடந்து, மரங்கள் போய் பைபர் போட்டுகள் வந்த பிறகுதான் முழுசாக விளங்கியது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் பைபர் போட்டு வேகமாகப் பெருகியது. பக்கச்சுவர் உண்டு, உட்காரப் பலகை உண்டு, பின்னால் என்ஜின். நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த மரத்தில் நைனா தன் முட்டியைத் தேய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குளிர் குறையவில்லை, கூடிவிட்டது. துடுப்பு போட்டுக்கொண்டு போனவனுக்கு அவன் தோளே அடுப்பாக இருந்தது. என்ஜின் வந்த பிறகு அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். வண்டி போகிற வேகத்தில் எதிர்க்காற்று முகத்தில் அறைகிறது, முன்னணியம் அலையில் மோதித் தெறிக்கிற தண்ணீர் ஊசி மாதிரி மேலே விழுகிறது. இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கை மரத்துப்போகிறது. மரத்த கையோடுதான் வலையை இறக்கவும் ஏற்றவும் வேண்டும். வலையில் மாட்டிய கெளுத்தியின் முள் ஏறினால்கூட முதலில் தெரியாது. தெரியும்போது உயிர் போகும். அதற்கு மருந்தே சூடுதான், தாங்குகிற அளவு சுடுதண்ணீரில் கையை முக்கி வைத்திருந்தால் கடுப்பு இறங்கும். பைபர் போட்டில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது?

லாஞ்சில் அந்த வசதி உண்டு. காசிமேட்டிலிருந்து பல நாள் தங்கலுக்குப் போகிற விசைப்படகில் அடுப்பு எரியும், மிளகாய் தூக்கலாகக் குழம்பு கொதிக்கும், என்ஜின் அறைக்கு மேலே இருக்கிற பலகையில் படுத்தால் முதுகுக்குச் சூடு. அந்தப் பலகைக்குப் போட்டி நடக்கும் என்று லாஞ்சில் பத்து வருடம் இருந்த என் சிநேகிதன் சொல்வான். வயதானவருக்கு முதலில், காய்ச்சல்காரனுக்கு அதற்கும் முதலில். கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அவன்தான் எனக்குச் சொன்னான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும், எழுந்திருக்க மாட்டார்கள். அதேபோல, குளிருக்கு நல்லது என்று சாராயத்தை ஊற்றிக்கொள்கிற பழக்கமும். குடித்ததும் தோலுக்குக் கீழே ரத்தக்குழாய் விரிந்து உடம்பு சூடான மாதிரி தோன்றும். உள்ளே இருக்கிற சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. எங்கள் தெருவில் இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரித்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லாஞ்சில் குளிர் வேறு ரூபத்தில் இருக்கிறது. ஐஸ். காசிமேட்டில் விடியற்காலையில் ஐஸ் பாரை உடைத்து அறைக்குள் தள்ளுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மீனைத் தரம் பிரித்து, ஐஸுக்குள் அடுக்கி, மறுபடி கிளறி எடுப்பது வரைக்கும் வெறுங்கை. விரல் நுனி வெடித்து உப்பு ஏறும். இந்த ஊருக்குக் குளிர் கப்பலில் வந்த காலம் ஒன்றும் உண்டு. 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கிறது, விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரில். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி அங்கேதான் சேமித்துவைத்தார். அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும், சரக்கெல்லாம் மசூலாப் படகில் அலை தாண்டிக் கரைக்கு வரும். அந்தப் படகைச் செலுத்தியவர்கள் இந்தக் கடற்கரை ஆட்கள். துரைமார் கோப்பைக்குப் போகிற குளிர்ச்சி எந்தக் கைகளைக் கடந்து போயிருக்கும் என்று, ஐஸ் ஹவுஸைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

முதல்முறை மரத்தில் போன அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது கடைசியில் கரைதான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மரம் மணலில் தட்டியதும் நான் அப்படியே குப்புற விழுந்தேன். மணல் சுட ஆரம்பித்திருந்தது. காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டேன். பக்கத்தில் தென்னை மட்டையும் சவுக்கு மிளாறும் போட்டுக் கொளுத்தி, நாலைந்து பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். ஆயா அலுமினியத் தூக்கில் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்திருந்தாள், சூடாக, உப்பும் மோரும் போட்டு. கட்டைகளை அவிழ்த்து மணலில் உலரப் போட்டார்கள். நாங்களும் அந்தக் கட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தோம். சின்னப் படகில் குளிர் காய வழி இல்லை. அந்த மனிதர்கள் கடலில் குளிரைத் தாங்கிக்கொண்டு வந்து, கரையில் காய்ந்தார்கள். மணல்தான் அவர்கள் வீட்டு அடுப்பு.

அந்த மணல் இப்போது இல்லை. 1876இல் தொடங்கிச் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா வளர்ந்தது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருத் தெருவாகப் போன பிறகு கருங்கல்லைக் கொட்டினார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள். நடுவில் நெருப்பு மூட்ட இடம் எங்கே? ஈரத்தோடு வருகிறவன் கல்மேல் வழுக்காமல் ஏறி, லாரிகளுக்கு நடுவே சாலையைத் தாண்டி, டீக்கடையில் நின்று கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறான். மெரினாவில் மாலையில் காற்று வாங்குகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் காலுக்குக் கீழே இருக்கிற மணலில் எங்கள் பங்கும் இருக்கிறது என்று யாராவது ஒருமுறை சொன்னால் போதும்.

எண்ணூரில் தண்ணீரே சூடாக இருக்கிற இடம் உண்டு. அனல் மின் நிலையத்தைக் குளிரவைத்த தண்ணீர் கழிமுகத்தில் வந்து விழும். கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில் மணிக்கணக்கில் இறங்கி, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பிடித்த இறாலைப் போடும் பறியை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். குளிருக்கு அந்தச் சூடு அவர்களுக்கு உதவாதா என்று ஒருமுறை அறியாமல் கேட்டேன். "சூட்டுல எறா நிக்காதுங்க" என்றார் ஒரு அம்மா. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியபோது, பக்கெட்டாலும் கையாலும் அதை அள்ளியவர்கள் எண்ணூர்க் குப்பங்களின் மீனவர்கள்தான். உடம்பெல்லாம் தார் மாதிரி அப்பிய எண்ணெய், மேலே வாடைக் காற்று. கழுவலாம் என்றால் அந்தத் தண்ணீரும் எண்ணெய். அவர்களை நினைக்கும்போது எனக்கு நைனாவின் முதுகு ஞாபகத்துக்கு வருகிறது. அவர்களுக்குக் காற்றை மறித்து உட்கார யார் இருந்தார்கள்?

நைனா போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது அக்கா மகன் பைபர் போட்டில் போகிறான். இந்த மார்கழியில் ஒருநாள் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு ஒன்றரைக்கு அக்கா எழுந்து, இறுக்கமான மூடி போட்ட பெயின்ட் வாளி ஒன்றை எடுத்துவைத்தாள். அதற்குள் ஒரு பனியன், ஒரு லுங்கி, துண்டு, மங்கி குல்லா, எல்லாம் நன்றாக உலர்ந்தவை. முந்தின நாள் மொட்டைமாடி வெயிலில் போட்டு எடுத்ததால் இன்னும் வெயில் வாசனை அடித்தது. பிளாஸ்கில் சுக்குக் காபி. வலை ஏற்றி முடித்ததும் ஈரத்தை அவிழ்த்துவிட்டு இதைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கட்டளை.

"மாமா, போன வாரம் இத்த வச்சிதான் பக்கத்து போட்டு பையன் பொழச்சான்" என்றான் அவன். அலையில் விழுந்து எழுந்தவனுக்கு வாளியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இவன் ஈரத்தோடு வந்திருக்கிறான். அக்கா அதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இன்னொரு லுங்கியும் இன்னொரு பனியனும் எடுத்து வந்தாள். மடித்து, அமுக்கி, வாளிக்குள் திணித்தாள். மூடி சேரவில்லை. முட்டியை வைத்து அழுத்தி மூடினாள்.