அப்பத்தாவுக்கு ஒரு யூ.ஐ.டி.

காரைக்குடியில் எங்கள் தெருவில் 'ஆன்லைன் கேம்' என்று சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் முகம் மாறிவிடும். அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ரம்மி. அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் சொந்தத்திலேயே ஒரு தம்பி, நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், செல்போனில் சீட்டாடியே சம்பளத்தை விட்டார். அடுத்து கடன் வாங்கி அதையும் விட்டார். கடைசியில் அவருடைய அம்மா, கல்யாணத்துக்குச் சீராக வந்த வெள்ளிக் குடத்தை எடைக்குப் போட்டுக் கடனை அடைத்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் யார் போனைக் குனிந்து பார்த்தாலும், அந்த அம்மா பின்னால் வந்து எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

இப்படிப்பட்ட தெருவில் இருந்துகொண்டு, சிங்கப்பூரில் இருக்கும் பேரன் "அப்பத்தா, நீங்களும் இந்த கேமுக்கு வாங்களேன்" என்று கூப்பிட்டால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அவனுக்கு 13 வயது. இந்த வருடம்தான் உயர்நிலைப் பள்ளிக்கு மாறினான். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. மாறின பிறகு, "சாப்ட்டியா ராசா?" என்றால் "ம்." "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்றால் "ஓகே." அவ்வளவுதான். "இந்த வயசுப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான் ஆத்தா" என்றான் மகன். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. மூன்று மாதம் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தவன் வாயிலிருந்து முழுசாக வந்த முதல் வாக்கியமே இந்த அழைப்புதான்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். விடைத்தாளைப் பிரிக்காமலே மார்க் போடுகிற பழக்கம் 34 வருட வேலையில் எனக்குக் கிடையாது. பிரித்துப் பார்த்துவிட்டு முட்டை போட்டிருக்கிறேன், அது வேறு.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் நிறைவேற்றியது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆசை காட்டும் ஆட்டங்களுக்கு அதில் தடை. இ-ஸ்போர்ட்ஸுக்கும், பந்தயம் இல்லாமல் பொழுதுபோக்காக ஆடுகிற விளையாட்டுகளுக்கும் தடை இல்லை. ரம்மி ஒரு பக்கம், பேரன் சொன்னது இன்னொரு பக்கம் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. தெருவில் இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுகிறோம், அதுதான் குழப்பம்.

அவன் சொன்ன விளையாட்டு 'கென்ஷின் இம்பாக்ட்'. ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் செய்தது. 2020 செப்டம்பர் 28-ல் வெளிவந்தது. (அதே மாதம் 2-ம் தேதிதான் நம் நாட்டில் பப்ஜியைத் தடை செய்தார்கள் என்பது பலருக்கு ஞாபகம் இருக்கும்.) உலகத்துக்கு அது பழசாகியிருக்கலாம். எனக்குப் புத்தம் புதுசு.

உள்ளே போவதற்கு முன் பேரனிடம் நிபந்தனைகளைச் சொன்னேன். ஒரு பைசாகூடப் போட மாட்டேன். டேப்லெட்டில் வங்கிக் கார்டு எதையும் சேர்க்க மாட்டேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. முன்பின் தெரியாதவர்களோடு பேச மாட்டேன். ஒரு மாதம் ஆடிப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வேன், அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் "டீல் அப்பத்தா" என்றான். நான் அதைத் தேதி போட்டு டைரியில் எழுதி வைத்தேன். வாய்ச்சொல்லை ஏட்டில் பதிந்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம்.

இறக்குவதற்கே டேப்லெட்டில் இடம் போதவில்லை. மூன்று கல்யாண வீடியோக்களைக் கணினிக்கு மாற்ற வேண்டியிருந்தது. மொழி கேட்டது. தாய் மொழி இருக்கிறது, வியட்நாம் மொழி இருக்கிறது, இந்தோனேசிய மொழி இருக்கிறது. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. இது எனக்கு இன்னும் குறைதான். ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டேன். அடுத்து, எந்த சர்வர் என்றது. 'ஏசியா' தவிர வேறு எதைத் தொட்டாலும் நாம் சந்திக்கவே முடியாது என்று பேரன் மூன்று முறை எச்சரித்திருந்தான்.

கதை எனக்கு உடனே பிடித்தது. உலகம் விட்டு உலகம் போகும் இரட்டையர்கள், அண்ணன் தங்கை. ஒரு தெய்வம் குறுக்கே வந்து பிரித்துவிடுகிறது. நாம் ஒருவராக இருந்து மற்றவரைத் தேட வேண்டும். நான் தங்கையாகப் போனேன். பைமோன் என்று ஒரு சின்ன உருவம் கூடவே பறந்து வந்து ஓயாமல் பேசுகிறது. எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. எங்கள் பழைய வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்தாள்.

விரல்தான் சொன்னபடி கேட்கவில்லை. இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் பார்க்க. நான் பார்க்க நினைத்தால் நடந்தது, நடக்க நினைத்தால் வானத்தைப் பார்த்தது. முதல் வாரத்தில் மலையிலிருந்து விழுந்து செத்தது எத்தனை தடவை என்று எண்ணுவதை 40-ல் நிறுத்திவிட்டேன். ஏறுகிறபோது தெம்பு தீர்ந்தால் கை நழுவிவிடும். இது என் முழங்காலுக்கும் பொருந்தும் என்பதால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறகு கிடைத்த பிறகு ஒரு உயரத்திலிருந்து குதித்து, மோண்ட்ஸ்டாட் நகரத்து ஏரிக்கு மேலே மெதுவாக மிதந்து போனேன். பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, அப்படி மிதந்தது நன்றாகத்தான் இருந்தது.

சமையல் இருக்கிறது. ஒரு முள் ஓடும். அது சரியான இடத்துக்கு வரும்போது தொட்டால் பண்டம் ருசியாக வரும். முந்தினால் ஒரு மாதிரி, பிந்தினால் ஒரு மாதிரி. அதிரசத்துக்குப் பாகு பார்க்கிற கைக்கு இது பெரிய காரியமா? பேரன் 'எப்படி அப்பத்தா எல்லாமே சரியா வருது?' என்று ஆச்சரியப்பட்டது இந்த ஒரு இடத்தில்தான்.

இந்த விளையாட்டில் இன்னொருவரோடு சேர்ந்து ஆட வேண்டுமானால் 16-ம் படிக்கு வர வேண்டும். பிள்ளைகள் இரண்டே நாளில் வந்துவிடுவார்களாம். எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஒப்புக்கொண்ட ஒரு மாதம் முடிந்துவிட்டதே என்று டைரியைப் பார்த்து, இன்னும் ஒரு மாதம் என்று நானே எழுதிக்கொண்டேன்.

சேர்ந்து ஆடும் விதியில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. உலகம் கடினமாகிவிட்டவர், எளிதான உலகத்தில் இருப்பவரிடம் வரலாம். கீழே இருப்பவர் மேலே போக முடியாது. அதனால் அவன்தான் என் உலகத்துக்கு வர வேண்டும். வந்தாலும், புதையல் பெட்டிகளை வீட்டுக்காரர் மட்டும்தான் திறக்க முடியும். விருந்தாளி தொடக்கூடாது. முதல் ஞாயிறு, எங்களுக்கு மணி நாலு, அவனுக்கு ஆறரை. நான் யூ.ஐ.டி. எண்ணைப் படித்துச் சொன்னேன். என் மலையடிவாரத்தில் ஒரு பையன் வந்து நின்றான். குதித்தான். நானும் குதித்தேன். ஒரு பெட்டி இருக்கிற இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டுபோய், பக்கத்தில் நின்று, "திறங்க அப்பத்தா" என்றான்.

வாட்ஸ்அப் அழைப்பு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தாது வெட்டிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னான். ஆரம்பப் பள்ளியில் ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். புது வகுப்பில் மத்தியானம் தனியாகத்தான் சாப்பிடுகிறான். இதை அவன் அப்பனிடமும் சொல்லவில்லை. முகத்துக்கு முகம் உட்கார வைத்து 'ஸ்கூல் எப்படி' என்று கேட்டால் எந்தப் பிள்ளை சொல்லும்? வளவில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முறுக்குப் பிழியும்போதுதான் ஒரு வீட்டு ரகசியம் இன்னொரு வீட்டுக்குத் தெரியும். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். நான் வெட்டுவதை நிறுத்தாமல், "அப்படியா" என்றேன்.

அந்தச் சிநேகிதனும் இந்த விளையாட்டில் இருக்கிறான். இரண்டு பேரும் சந்திக்கிற இடமே இதுதான். அடுத்த ஞாயிறு மூன்று பேராகப் போனோம். அவன் சீனப் பையன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று பேரனிடம் கேட்டுக்கொண்டு, பெரிய அரக்கன் ஒன்று துரத்தும்போது "அப்பாட்டா, ரன்!" என்று எழுதுகிறான்.

எனக்கு ஸ்பெஷல் நாடகம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) போட்டுக் கொடுத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் பாடம் என்பதால், விடிய விடிய நடக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கிற தர்க்கத்துக்காகவே தூங்காமல் உட்கார்ந்திருப்போம். அந்த நாடகக்காரர்களைப் பற்றியும் ஊரில் ஏளனமாகப் பேசினவர்கள் உண்டு. வேடம் போடுகிறவன், ராத்திரியில் சுற்றுகிறவன் என்று. பேசினவர்கள் பலர் முன்வரிசையில் பாய் விரித்தவர்கள். இந்த விளையாட்டிலும் ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு ஊர், ஒத்திகையில்லாத சந்திப்பு. 'ரோல்-பிளேயிங்' என்பதற்குத் தமிழில் வேடம் கட்டுவது என்று சொன்னால் தப்பில்லை.

இனி மற்ற பக்கம். இந்த விளையாட்டு இலவசம் என்றால், சம்பாத்தியம் எங்கே? புதுப்புது வேடங்களில். அவற்றை நேராக விலைக்குத் தருவதில்லை. குலுக்கல். ஒரு குலுக்கலுக்கு 160 ரத்தினக் கல். கல் ஆடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் சேர்க்கலாம். ஐந்து நட்சத்திர வேடம் கிடைக்க அவர்களே போட்டிருக்கும் விகிதம் 0.6 சதவீதம், ஆயிரத்துக்கு ஆறு. 90-வது குலுக்கலில் கட்டாயம் ஒன்று தருவார்கள், ஆனால் அது நாம் கேட்டதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் 2003-ல் தடைசெய்த லாட்டரிச் சீட்டுக்கும் இதற்கும், பரிசு காசாக வராது என்பதைத் தவிர பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதைக் கேள்வி கேட்டு, 2025 ஜனவரியில் நிறுவனம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அங்கே இந்தக் குலுக்கலை விற்கக்கூடாது என்றும் ஆனது.

பிறந்தநாளுக்குப் பேரன் கேட்டது இதைத்தான். "சட்டை வேண்டாம் அப்பத்தா, பத்தே பத்து குலுக்கலுக்குக் காசு போடுங்க."

முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். பேப்பரும் பேனாவும் எடுத்து வரச் சொன்னேன். ஒரு குலுக்கலில் கிடைக்காமல் போக வாய்ப்பு 0.994. பத்து முறையும் கிடைக்காமல் போக? அவனே பெருக்கினான். 0.94 வந்தது. நூற்றுக்கு 94 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். விரும்பின வேடம் உறுதியாக வேண்டுமென்றால், அதிகபட்சம் 180 குலுக்கல், 28,800 கல். அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எப்படி வச்சிருக்காங்க?" என்றான். "அந்த ஆறு பேர்தான் ஸ்கூல்ல வந்து சொல்லுவாங்க. மத்த 94 பேர் சொல்ல மாட்டாங்க" என்றேன். அன்று சீக்கிரமே போனை வைத்துவிட்டான். அடுத்த ஞாயிறு வருவானா என்று எனக்குக் கவலைதான். வந்தான். ஆடியே சேர்த்த கல்லில் எத்தனை வாரத்தில் 180 வரும் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதில் ஒரு கூட்டல் பிழை. திருத்திக் கொடுத்தேன்.

தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், கூட உட்காருங்கள். கார்டு விவரத்தை மட்டும் எங்கும் கொடுக்காதீர்கள். தினமும் முடிக்க நாலு சின்ன வேலை வைத்திருக்கிறார்கள், வருகிற பிள்ளை தினமும் வரட்டும் என்பதற்காக. அந்த இழுப்பு எனக்கே இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆனதும் அடுப்படி டைமர் அடிக்கும்படி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் லீயுவே துறைமுகத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரைக் கொண்டுபோய் விட்டாலும் அந்த ஊரில் பிழைத்துக்கொள்வார்கள். முழுக்க வியாபாரம். அந்த ஊர்ச் சாமி ஒப்பந்தத்துக்கான சாமி. நாணயம் அச்சடித்ததும் அவரே. சொன்ன சொல் தவறினால் பொறுக்க மாட்டார். வருடத்துக்கு ஒரு முறை இறங்கி வந்து, இந்த வருடம் வியாபாரம் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாராம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போய்க் கடை வைத்தவர்கள் வழிவந்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் போன வருடம் பார்த்து அந்தச் சாமி இறங்கும்போதே செத்து விழுகிறது. ஊரே கலங்கி நிற்கிறது.

அங்கே ஜொங்லி என்று ஒரு பெரிய மனிதர். எந்தப் பொருளானாலும் தரம் பிரித்துச் சொல்வார். உயர்ந்ததையே கேட்பார். பையில் மட்டும் காசு இருக்காது. கூட வருகிறவர் கொடுக்க வேண்டும். அந்த மனிதர் மேல்தான் எனக்குச் சந்தேகம். பேரனுக்கும் அந்தச் சீனப் பையனுக்கும் விஷயம் தெரியும். நான் கேட்டால்கூடச் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த வாரம் அவர்களுக்குப் பரீட்சை, ஆட்டம் கிடையாது. முடிந்து வரட்டும்.